ஏழாவது முட்டை

இன்று காலை பரணிலிருந்து உங்கள் தெர்மாகோல் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. ஈர இறகும் சூடான பல்பும் கலந்த வாடை. ஒரு வருஷமாகியும் போகவில்லை. "ஏனுங்க, இதைத் தூக்கிப் போட்டுறட்டுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பதில் வந்துவிடுமோ என்று பயம். வரவில்லையே என்று ஆத்திரம்.

ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டுவிட்டு ஓய்ந்து வந்த மனுஷன் சும்மா உட்காரமாட்டீர்கள் என்று தெரியும். அதற்காகப் படுக்கிற அறையிலா, பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, வாத்து முட்டையைப் பொரிக்க வைப்பது? ஓமலூர்ப் பக்கம் வாத்து மேய்க்கிறவரிடம் ஏழு முட்டை வாங்கி வந்தீர்கள். பென்சிலால் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி. காலையில் பெருக்கல் மேலே, சாயங்காலம் வட்டம் மேலே. திருப்பாமல் விட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்றீர்கள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "வாங்க சாமி, மெதுவா வாங்க" என்று பெட்டியிடம் பேசுவீர்கள். "எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிப் பேசியிருப்பீங்களா?" என்று எரிந்து விழுவேன். சிரிப்பீர்கள்.

பதினேழாம் நாள் காலை ஏழு முட்டையிலும் பெருக்கல் குறியை மேலே திருப்பி வைத்தீர்கள். அன்று மத்தியானத்துக்குள் நீங்கள் இல்லை.

மறுநாள் உங்களை எடுத்துப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பல்பு எரியவில்லை. தரையெல்லாம் தண்ணீர், ஷாக் அடிக்கும் என்று உங்கள் அக்கா பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார். எல்லாம் செத்திருக்கும் என்றுதான் கையை விட்டேன். நெற்றியைத் தொட்டதுபோல் இளஞ்சூடு. சித்திரை வெக்கை காப்பாற்றியது என்று சொல்லலாம், சொல்லிக்கொண்டேன். ஆனால் ஏழிலும் வட்டம் மேலே இருந்தது.

யார் திருப்பியது? நீங்கள் போன பிறகு நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. "நங்கையா, முட்டையைத் தொட்டீங்களா?" என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். "பிளக்கத்தான் புடுங்குனேன் சாமி. பொட்டியத் தொடவேயில்ல. அழுதழுது உனக்கே ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார். இருக்கலாம். ஏழு வட்டத்தையும் திரும்பத் திரும்ப எண்ணியது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

பிளக்கை மறுபடி மாட்டினேன். அதற்குப் பிறகு நானே திருப்பினேன். இருபத்தைந்தாம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, நீங்கள் சொல்லியிருந்தபடி ஈரத்துணி வைத்தேன். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இருபத்தேழாம் நாள், உச்சி வெயில், வீட்டில் நான் மட்டும். அறைக்குள் யாரோ நகத்தால் மரத்தைத் தட்டுவதுபோல் சத்தம். பழக்கதோஷம், "ஏனுங்க?" என்றேன். சத்தம் நின்றது. மறுபடி தட்டியது.

முட்டைக்குள்ளிருந்து அலகு தட்டுகிறது என்று பெட்டியில் காதை வைத்த பிறகுதான் புரிந்தது. மறுநாள் காலைக்குள் ஆறு குஞ்சுகள் வெளியே வந்தன. ஈரம் காய்ந்ததும் தரையில் விட்டேன். என்னிடம் ஒன்றுகூட வரவில்லை. தத்தித் தத்திக் கட்டிலுக்கு அடியில் போய் நின்று, ஆறும் மேலே அண்ணாந்து பார்த்துக் கத்தின. பிறகு ஒரே நேரத்தில் அடங்கின, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல. கட்டிலில் வெறும் மெத்தைதான் இருந்தது. முட்டைக்குள் இருந்தபோது உங்கள் குரல் வந்த திசை அது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனாலும் அந்தக் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏழாவது குஞ்சு ஓட்டில் ஒரு பொத்தல் போட்டதோடு நின்றுவிட்டது. பொழுது சாய்ந்து, விடிந்து, மறுபடி பத்து மணியாகியும் அப்படியே கிடந்தது. உள்ளிருந்து கத்தல் தேய்ந்துகொண்டே வந்தது. "அவசரப்பட்டு ஓட்டைப் பிரிச்சா ரத்தம் வந்து செத்துரும். பொறு புள்ள" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

பொறு புள்ள. அதே கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் அதைத்தானே சொன்னீர்கள்? "வாயுதான். பொறு புள்ள, சித்த நேரத்துல சரியாயிரும்." நானும் உங்கள் பேச்சைக் கேட்டு, சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்து, துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம். ஆட்டோ வந்தபோது உங்களால் பேச முடியவில்லை. நான் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. பாவி நான், உங்களை இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

முட்டையைக் கையில் எடுத்தேன். பொத்தலுக்குள் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கியிருந்தது. பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஒற்றினேன். ஓட்டை நகத்தளவு கிள்ளினேன். சிவப்பாக ஒரு நரம்பு தெரிந்தது, கையை எடுத்தேன். ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்து, பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நரம்பு வெளுத்த பிறகு இன்னும் கொஞ்சம் கிள்ளினேன். கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை. "நீங்க சும்மா இருங்க" என்றேன். மூன்றரை மணிக்கு அது என் உள்ளங்கையில் வந்து விழுந்து, தலையைத் தூக்கி, என்னைப் பார்த்தது. ஓவென்று அழுதேன். உங்களை எடுத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் காலை வேளையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். "ஒண்ணுமில்லீங்க, வாயு. பொறுத்துப் பாக்கலாம்" என்றார். சட்டை போடக்கூட விடவில்லை நான். கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் தள்ளினேன். அவர் மனைவி பதறிப்போய்ப் பின்னால் ஓடி வந்தார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, வெறும் வாயுதான் என்றார். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, வெற்றுடம்போடு, என்னைத் திட்டிக்கொண்டே அந்த மனுஷன் தன் வீட்டுக்குள் நடந்து போவதை, கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.