வெள்ளிக்கிழமைவரை காத்திருந்த பதில்

ஆரையம்பதி,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகன் உதயரூபனுக்கு,

மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் நீயும் மருமகளும் அந்தக் குளிரிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் முதல் வேண்டுதல். எங்களைக் கேட்டால் உடம்புக்குப் பெரிதாய் ஒன்றுமில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, அந்தக் காலோடும் வயல் வட்டைக்குப் போய் வரம்பில் நின்றுவிட்டுத்தான் வருகிறார், சொன்னால் கேட்கிற மனுசனா. மழை விடாமல் பெய்து வாவி ஏறி நிற்கிறது, வளவுக் கிணறும் கலங்கிப்போய்க் கிடக்கிறது. போனில் கதைக்காமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் தொடங்கினால் நீ விடுங்கம்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன். இது விடக்கூடிய விசயம் இல்லை மகன்.

பென்சன் எடுத்த பிறகு, வேலை தேடுகிறவர்களுக்கு உதவுகிற ஒரு நிலையத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கப் போகிறேன் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா. படிக்கிறது வேலை தேடி வருகிற சனம் இல்லை, அவர்களுக்கு உதவ அங்கே மேசை போட்டு இருக்கிற உத்தியோகத்தர்கள், எட்டுப் பேர், எல்லாரும் முப்பது நாற்பது வயதுக்காரர். ஹோட்டலுக்கும் கொம்பனிக்கும் எழுதுவதும் அவர்கள்தான், வந்த பதிலை வாசித்து ஏழை எளியதுகளுக்கு விளக்குவதும் அவர்கள்தான். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, நீட்டி முழக்காத, எவருக்கும் விளங்குகிற எளிய இங்கிலிஸ். ஆளுக்கு வேலை இருக்கா இல்லையா, எத்தனை மணிக்கு வரவேண்டும், இதைச் சுருக்கமாய் எழுதப் பழக்கினால் போதும் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஏளனம்தான், முப்பத்திரண்டு வருசம் இலக்கணம் படிப்பித்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று. எளிமையாய் எழுதினாலும் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று என் சட்டத்தைக் கொண்டுபோய் வைத்தேன். என் சிவப்புப் பேனை படாமல் ஒரு வரி இங்கிலிஸ் இந்த இடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே சொன்னேன். செவ்வாயும் வெள்ளியும் கிளாஸ். எழுதியதைக் கொண்டுவருவார்கள், நான் எல்லாருக்கும் முன்னால் உரத்து வாசித்துத் திருத்துவேன். மேனுகா என்று ஒருத்தி, ஆறாம் வகுப்பில் படிக்கிற மகள் இருக்கிறாள், அவள் எழுதியதை வாசித்துவிட்டு இதை எழுதியது நீயா உன் மகளா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இன்றைக்கு நல்ல கிளாஸ் என்று வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வேறு சொன்னேன், அந்தப் புத்தியை என்னென்று சொல்ல.

சுலோஜனா என்று ஒரு பொம்பிளை, கிரான் பக்கத்தால் வருகிறவள். புருசன் விட்டுப் போய் நாலு வருசம், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு நின்றான், ஊரோடு ஒரு வேலை கிடைத்தால் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று ஏழெட்டு மாதமாய் இந்த நிலையத்துக்கு நடந்தவள். மேனுகாதான் அவளுக்காக ஓடித் திரிந்து கல்குடாவில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஒரு ஹோட்டலில் சமையல்கட்டு வேலைக்கு ஒழுங்கு செய்தாள். போன மாதம் ஒரு புதன்கிழமை ஹோட்டல் மேனேஜரிடமிருந்து இமெயில் வந்தது, திங்கட்கிழமை தொடக்கம் வர முடியுமா, வியாழன் பின்னேரத்துக்குள் பதில் தாருங்கள், இவ்வளவுதான். அந்த நேரம் சுலோஜனா மேனுகாவின் மேசைக்கு முன்னால்தான் இருந்திருக்கிறாள். ஓம் அக்கா, நாளைக்கே எண்டாலும் வாறன் எண்டு எழுதுங்க என்று அழுதுவிட்டாளாம். மேனுகா அந்த இடத்திலேயே பதில் எழுதினாள். எழுதினாள், அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை எனக்குக் காட்ட வேண்டும் என்று அச்சடித்துப் பைலுக்குள் வைத்துவிட்டாள். வியாழன் பின்னேரம் ஹோட்டலில் இருந்து மூன்று தரம் போன் அடித்திருக்கிறது. வாயால் பேசுகிறதை ஆர் திருத்தித் தருகிறது? எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம், ஒருவரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். நாலு வரி, ஒரு பிழை இல்லை மகன். வெரி குட் போட்டு, இப்படித்தான் எழுத வேண்டும் என்று எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினேன். அதுக்கு மறுகாதான் பார்த்தேன், கீழே ஹோட்டல்காரன் எழுதியதும் சேர்ந்து அச்சாகியிருந்தது, வியாழன் என்று கிடந்தது. ஏன் கா இதை அனுப்பாமல் வைத்திருந்தாய் என்று கத்தினேன். நிலையப் பொறுப்பாளர் ஹில்மி, காத்தான்குடி ஆள், எனக்கு முன்னால் ஒருநாளும் வாய் திறக்காத மனுசன், அன்றைக்குத்தான் சொன்னார். மிஸ், நீங்க வாறத்துக்கு முதல் நாங்க பிழை பிழையாத்தான் எழுதின, ஆனா அண்டண்டைக்கே அனுப்பின, போன்லயும் தட்டித் தடுமாறிக் கதைச்ச, ஆக்களுக்கு வேலையும் கிடைச்ச. இப்ப எங்களுக்கு வாய் வருகுதில்ல மிஸ் என்றார். கோபமாய்க்கூடச் சொல்லவில்லை. நானே அந்த ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். என் இங்கிலிஸ் நன்றாய்த்தான் இருந்தது. அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டோம், மன்னிக்கவும் என்று வைத்துவிட்டான்.

போன கிழமை சுலோஜனா குவைத்துக்குப் போய்விட்டாள், இரண்டு வருச அக்ரிமென்ட், பிள்ளைகள் தமக்கை வீட்டில். போக முதல் நாள் ஒரு சட்டி எருமைத் தயிரும் கொண்டு என்னைத் தேடி வந்தாள், சின்னவளும் கூட, அது தாயின் கையை விடவே இல்லை. நீங்க எல்லாரும் எனக்காகப் பாடுபட்டீங்க எண்டு மேனுகா அக்கா சொன்னவ மிஸ், எண்ட தலையெழுத்துக்கு நீங்க என்ன செய்யிற என்றாள். பார்த்தாயா, மேனுகா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. வெட்கமில்லாமல் தயிரை வாங்கி உள்ளே வைத்தேன். கிளாஸை விட்டுவிடுகிறேன் என்று ஹில்மியிடம் சொன்னேன், வேண்டாம் மிஸ் என்று அவர் ஒரு வார்த்தைக்கும் சொல்லவில்லை. இனி நான் எந்த முகத்தோடு யாருக்கு என்ன படிப்பிக்கிறது, படிப்பித்த காலம் முழுக்க எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்தேனோ.

உன்னையும் நினைத்தேன். நீ போன முதல் வருசம் எனக்கு ஒரு கடிதம் போட்டாய், ஆறு பக்கம், கையால், இங்கிலிஸில், அம்மா சந்தோசப்படுவா என்றுதானே. நான் அதைத் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு நீ ஒரு வரியும் எழுதவில்லை. சனிக்கிழமையில் போன் எடுத்து நல்லா இருக்கன் அம்மா, சாப்பிட்டன் அம்மா, அவ்வளவுதான். பிள்ளைக்கு வேலை கூடிப்போச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினேழு பிழை மகன். எந்தப் பக்கத்தில் எது என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். நீ அதில் என்ன எழுதியிருந்தாய் என்பதுதான் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாய், குறை ஒன்றுமில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மருமகளுக்கு என் அன்பைச் சொல்லு, அப்பாவின் முழங்காலுக்கு அனுப்புகிறேன் என்ற பட்டியை மறவாதே. மற்றது, அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அதில் என்ன எழுதினாய் என்று எனக்குச் சொல்லு. இல்லாவிட்டால் நினைவில் இருக்கிறதையாவது சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
யோகமலர்