சதுரப் பொத்தான் வைத்த இடுப்பு வார்

அல்தா,
மார்ச் 9

அன்பு மகன் ஆஸ்லத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், பெர்த் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குத்தான் முதுகு வலி, பனி அள்ளும் வண்டியை விட்டு இறங்கினால்தானே. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊர்ப் பத்திரிகை மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது, பலவகை மக்களை ஊடகங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று தலைப்பு. உன் தங்கை சாரே அதே பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டி, சாமிப் பழங்குடி இனத்தார் என்றாலே காக்தி என்கிற பாரம்பரிய உடையும் கலைமானும்தானா, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற என் அம்மா கண்ணில் படவில்லையா என்று கேட்டு எழுதி முதல் பரிசு வாங்கினாள். பள்ளி விட்டு ஸ்வெட்டரோடு பத்திரிகைக்குப் படமெடுத்துக்கொள்ளப் போனவளிடம், விளம்பரத்துக்கு வாங்கி வைத்திருந்த ஒரு காக்தியை நீட்டி, "இதைப் போட்டாத்தாம்மா பார்க்கிறவங்களுக்குப் புரியும்" என்றாராம் அந்தப் படக்காரர். கட்டுரையைப் படித்த லட்சணம் அது! அவள் எனக்குப் போன் செய்தாள். ரத்தம் கொடுக்கப் பத்துப் பேர் வரிசையில் நின்ற எரிச்சலில், "ஒரு நிமிஷம் போட்டுட்டு வாடி, பரிசைக் கெடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

மறுநாள் பத்திரிகையில் பதினாறு வயதுப் பெண்ணின் இடுப்பில் சதுரப் பொத்தான் வார், கல்யாணமானவள் கட்டுவது! கல்யாணமாகாத எனக்கு வட்டப் பொத்தான்தான் என்று அவள் சொல்லியும், "இதையெல்லாம் யாரு பார்க்கப் போறா" என்றாராம். உன் சித்தி பிரெத் கூப்பிட்டு, "ஏன்க்கா, மாப்பிள்ளை யாரு, எங்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கிடையாதா" என்று சிரிக்கிறாள். பள்ளியில் அவளுக்குப் பெயரே கல்யாணப் பெண். அதையாவது பொறுக்கலாம், கட்டுரையில் ஒரு பத்தியையே காணோம். படம் பெரிதாகப் போட வேண்டியிருந்ததாம். ஆசிரியரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். திருத்தம் போட்டார்: சாரேக்குத் திருமணமாகவில்லை, தவறுக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். பத்தியைப் பற்றி மூச்சே இல்லை.

சாரே பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டாள். என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் என்னை அறுக்கிறது. "அண்ணனாவது படிச்சிருப்பான்னு நினைச்சேம்மா" என்று மட்டும் சொன்னாள். பத்திரிகைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நீ அவளுக்கு அனுப்பியது என்ன? "சூப்பரா இருக்கே குட்டி, டிரெஸ் அழகு!" உன்னையும் அந்தப் படக்காரரையும் ஒரே தட்டில்தான் வைக்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. வெட்டிய பத்தியை அவள் நோட்டிலிருந்து எழுதி அனுப்புகிறேன், நிதானமாகப் படி:

என் அண்ணன் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கிறான். கை முழுக்கக் கிரீஸ். கெட்டுப்போன எதைக் கொடுத்தாலும் சரியாக்கிவிடுவான். சாமி என்றால் யார் என்று என்னைக் கேட்டால் முதலில் அவனைத்தான் சொல்வேன். அவனைப் படமெடுக்க இதுவரை யாரும் வந்ததில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாரேயைக் கூப்பிடு, மறந்துவிடாதே. அதற்குள் நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

உன் அம்மா,
ரிஸ்தேன்