சுவரை மறைத்த பாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? குயின்ஸ்லாந்துப் பழத்தோட்டத்தில் நான் நலம்.

புயலில் உடைந்த வீட்டைச் சரிசெய்ய மானியம் கேட்டோமே, மறுத்துவிட்டார்கள். பார்வையிட வந்த அதிகாரியைப் போனில் கேட்டேன். “சுவர் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி? உங்கம்மா பன்றிக்கறி விருந்தே வச்சாங்க!” என்றார். விருந்தாளி வருகிறாரென்று ஓட்டையை உங்கள் கல்யாணப் பாயால் மூடிவிட்டீர்களா அம்மா?

கெஞ்சிக் கேட்டதில், செவ்வாய்க்கிழமைப் படகில் மறுபடி நம் ஹாபாய் தீவுக்கு வருகிறார். பாயைச் சுருட்டி வையுங்கள். எனக்கு அனுப்பும் படங்களிலும் அந்தப் பாய்தான் தெரிகிறது. பாயில்லாமல் ஒரு படம் அனுப்புங்கள். வீட்டைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்பீர்கள். ஏணி சறுக்கியதில் வலது கையில் சின்னக் கட்டு, அவ்வளவுதான். போன படத்தில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். உங்கள் பிள்ளைதானே நான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

ஃபெலெட்டி