மோட்டருக்குள் உப்பு

செவ்வாய், இரவு

போன கிழமை சேற்று வயலில் பிக்கப் வாகனம் புதைந்தபோது நாலு சில்லையும் இழுக்க வைக்கும் ஃபோர் வீல் கியர் விழவில்லை. இன்று மன்னார் கராஜில் காட்டினேன். ஃபோர் வீலை மாற்றிவிடும் சின்ன மோட்டரை மெக்கானிக் பாஸ் கழற்றித் திறந்தார். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது.

"புதுசு தேவையில்லை, துப்புரவாக்கிப் போட்டால் ஓடும். ஆனா வாகனத்தைக் கடலுக்கை இறக்கினனீங்களோ?" என்று கேட்டார்.

நான் இறக்கவில்லை. நறுவிலிக்குளத்தில் வயலுக்கும் ஆலைக்கும்தான் ஓடுகிறேன். என்னைத் தவிர அதை எடுப்பவன் மனைவியின் தம்பி சுகந்தன் மட்டும்தான். முசலியில் சிநேகிதனைப் பார்க்கப் போறன் என்பான், விடியத்தான் வருவான். டீசல் அடித்து, வாகனத்தைக் கழுவியும் வைப்பான். நல்ல பெடியன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மோட்டர் இப்போது வேலை செய்கிறது. இரவுச் சாப்பாட்டில், "ஒரு மோட்டர்தான் பழுதாம், திருத்தியாச்சு" என்று மட்டும் சொன்னேன். சுகந்தன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"நான் கடற்கரைப் பக்கமே கொண்டுபோகேல்லை, அத்தான்."

கடலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மனைவி அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

முசலிக் கரையில் இரவில் படகில் கள்ளச் சாமான் இறங்குவதாக ஊரில் கதை; பிக்கப் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவன் அறையில் யாருடனோ போனில் மெதுவாகப் பேசுகிறான்.