இத்தாலிக்காரிக்குப் புதுக் கண்ணாடி

முதலியார்பேட்டை, புதுச்சேரி
3 ஜூன் 2024

பம்பாய் மாநகரத்தைப் படம்பிடித்தே தேய்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகன் கோபிநாத்துக்கு, சித்தப்பா கமலக்கண்ணன் சகல ராஜ மரியாதைகளுடன் எழுதுவது.

உன் கார்டு வந்தது. "கேமராவைப் பார்சலில் அனுப்பவும்." அவ்வளவுதான். நலமா என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் பேனாவில் மை வற்றியிருக்கும், போகட்டும். போன் நம்பரை மாற்றிக்கொண்டு, எங்களிடம் ஒரு விலாசத்தை மட்டும் விட்டெறிந்தவன் நீ. அதனால் இந்த வயதில் எனக்குக் கையெழுத்துப் பயிற்சி.

கைதி நலம். பொங்கலன்று உன் அப்பாவோடு சண்டை போட்டு நீ விட்டுவிட்டுப் போனதிலிருந்து உன் இத்தாலிக்காரி என் மாடியறையில்தான் இருக்கிறாள். நேற்றுதான் கேமராப் பெட்டியைத் திறந்து அவளைத் தரிசித்தேன். நீளமாக ஒற்றைத் தண்டு, அதன்மேல் முன்னால் ஒரு சட்டம், பின்னால் ஒரு சட்டம், நடுவில் ஆர்மோனியத் துருத்தி. திருகை விரலால் தொட்டால் போதும், முன் சட்டம் ஏறுகிறது, இறங்குகிறது, குனிகிறது, கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. உன் சித்தி பாக்கியலட்சுமி கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இவ்வளவு இணங்கியதில்லை. கடற்கரையில் நிற்கும் துய்ப்ளேக்ஸ் சிலைக்கு அடுத்தபடியாக இந்த ஊரில் இத்தனை மிடுக்காக நிற்பது இவள் ஒருத்திதான். ரோமாபுரி ராஜாக்கள் இவளைப் பல்லக்கில் ஏற்றித்தான் ஊர்வலம் விட்டார்கள் என்று தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன். பாதித் தெரு நம்பிவிட்டது.

இப்பேர்ப்பட்டவளைப் பார்சலில் அனுப்புவதா? நேரில் வந்து அழைத்துப் போ. இருபத்துநாலாம் தேதி உன் அப்பாவுக்கு கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன். ஊசுட்டேரி வண்டல் மொத்தமும் அண்ணனுடைய ரத்தக்குழாயில் வந்து அடைத்திருக்கிறதாம். படத்தைப் பார்த்த டாக்டர் நாற்காலியிலிருந்து விழுந்து எழுந்தார். அதற்கு முன்னால் வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு. அந்த நிமிஷமே கைதிக்கு விடுதலை.

உன் சிறை அதிகாரி,
கமலக்கண்ணன் சித்தப்பா


மும்பை
8 ஜூன் 2024

சித்தப்பாவுக்கு,

போன தீபாவளிக்கு முன்னால், அப்பா கடைசி மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று போனில் சொன்னீர்கள். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பறந்து வந்தேன். அப்பா வாசலில் நின்று டைல்ஸ் வண்டிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "இன்னாடா, யாரு செத்துட்டாங்கன்னு இப்படி ஓடியாந்த?" என்றார். அன்றைக்குப் புகைய ஆரம்பித்ததுதான் பொங்கலில் வெடித்தது.

இப்போது இருதயம் என்கிறீர்கள். டாக்டர் நாற்காலியிலிருந்து விழுந்தார் என்கிறீர்கள். இதில் நான் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?

"மொசைக் மேஸ்திரி சக்கரபாணி புள்ள, நாலு பேர் கட்ன செவுத்த படம் புடிச்சிக்கிட்டுத் திரியறான்" என்று அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் அவர் சொன்னது என் காதைவிட்டு இன்னும் போகவில்லை. ஜூலை முதல் தேதி இங்கே ஒரு பழைய நூலகத்தைப் படமெடுக்க வேண்டும். தனியாக எனக்குக் கிடைத்திருக்கும் முதல் பெரிய வேலை. அவ்வளவு உயரக் கட்டடத்தைச் சாயாமல் எடுக்க அந்தக் கேமராதான் வேண்டும். தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். எதையும் கழற்றாதீர்கள்.

கோபிநாத்


முதலியார்பேட்டை
10 ஜூன் 2024

பம்பாய்ச் சக்கரவர்த்திக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இங்கே நடந்த அதிசயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது.

உன் அப்பா மாடிக்கு வந்தார். "இந்த எலும்புக்கூட்டுக்கா இம்மாம் பேச்சு?" என்றார். சித்தியின் கறுப்புப் போர்வையை அவர் தலையில் போட்டு, பின் சட்டத்துக் கண்ணாடியில் விழும் உருவத்தைப் பார்க்கச் சொன்னேன். எதிர்வீட்டு மூன்று மாடியும் தலைகீழாகத் தொங்கியது. மொட்டை மாடி தெரியவேண்டுமென்று கேமராவை மொத்தமாக அண்ணாக்க வைத்தேன். சுவரெல்லாம் சாய்ந்துகொண்டது. அண்ணன் உச்சுக்கொட்டினார், தன் வீட்டுச் சுவரே சாய்ந்த மாதிரி. மறுபடி மட்டமாக வைத்து, முன் சட்டத்தை மட்டும் உயர்த்தினேன். மொட்டை மாடியும் வந்தது, சுவரும் நேரே நின்றது. போர்வைக்குள்ளிருந்தே கையை நீட்டிச் சட்டத்தைத் தடவினார். பிறகு, "தூக்குக்குண்டு வுட்டாப்புல நிக்குதுடா" என்றார். என் வாழ்நாளில் அந்த மனிதர் இன்னொருவர் சுவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

அதிலிருந்து தினமும் வருகிறார். மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் வருகிறார். "புள்ள இதத்தான் பண்றானா?" என்று நேற்றுக் கேட்டார். எழுதாதே என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு நற்செய்தி. பின்கண்ணாடி குளியலறை ஜன்னல் மாதிரி பூத்துப்போயிருந்தது. "பையன் வந்தா பளிச்சுன்னு இருக்கட்டும்" என்று அண்ணனே அளவெடுத்து, கண்ணாடிக் கடையில் புதிதாக வெட்டி வாங்கிவந்து பொருத்திவிட்டார். கண்புரை ஆபரேஷன் வெற்றி. கழற்றும்போது பழசு உடைந்துவிட்டது, கிழம் போகட்டும். என்ன, இப்போது உருவம் எதுவும் விழவில்லை, வெறும் வெளிச்சம்தான் கண்ணைக் கூசுகிறது. புதுக் கண்ணாடி பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்று அண்ணனைத் தேற்றியிருக்கிறேன்.

கண் வைத்தியர்,
சித்தப்பா


மும்பை
15 ஜூன் 2024

சித்தப்பாவுக்கு,

அந்த மங்கல் அழுக்கில்லை. உருவம் வந்து தங்குவதே அந்தச் சொரசொரப்பில்தான். தெளிந்த கண்ணாடியில் வெளிச்சம் நிற்காது, தாண்டிப் போய்விடும். லென்ஸ் இருந்தும், துருத்தி இருந்தும், இப்போது அது குருடு. அதே அளவில் அதே பழைய கண்ணாடிக்கு நான் எங்கே போவேன்? அதற்குள் ஜூலையும் வந்துவிடும்.

என்னுடையதாக ஒன்று இருந்தால் அதைச் சரிசெய்கிறேன் என்று கைவைக்காமல் அப்பாவால் இருக்க முடியாது. என் படிப்பில் வைத்தார், தொழிலில் வைத்தார், இப்போது இதில்.

இருபதாம் தேதி பார்சல் ஆள் வருவார். இருப்பதைக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம். ஆபரேஷன் கதையும் வேண்டாம்.

கோபிநாத்


முதலியார்பேட்டை
20 ஜூன் 2024

கோபி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் பெட்டிக்குள் வைக்கிறேன்.

உன் கடிதம் மேசைமேல் இருந்தது. அண்ணன் எடுத்துப் படித்துவிட்டார். நேற்றுக் காலையில் தன் பழைய சாமான் மூட்டையை அவிழ்த்து, மொசைக் தரை தேய்க்கும் பொடியில் நைசானதை எடுத்தார். புதுக் கண்ணாடிமேல் பொடியும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கண்ணாடித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். முதல் கண்ணாடி விரிசல் விட்டது. வேறொன்று வெட்டி வாங்கிவரச் சொன்னார். நான் தேய்க்கிறேன் என்றேன். "நீ அழுத்திடுவடா" என்று சொல்லிவிட்டார்.

மதியம் முடித்தார். கழுவி, பொருத்தி, போர்வைக்குள் போய்ப் பார்த்தார். "வருதுடா" என்றார். எதிர்வீடு தெரிந்தது. நானும் பார்த்தேன்.

கீழே இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. ஆட்டோவில் கதிர்காமம் கொண்டுபோனோம். அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் திங்கட்கிழமைதான், மாற்றவில்லை. பேசுகிறார். கண்ணாடிக்குக் காகிதம் சுற்றினாயா என்று கேட்டார். சுற்றினேன்.

கேமராவை இனி நான் பிடித்துவைக்கமாட்டேன். உன் வேலை நல்லபடியாக முடியட்டும்.

கமலக்கண்ணன்


முதலியார்பேட்டை, உங்கள் வாசல்
23 ஜூன் 2024

அன்புள்ள சித்தப்பா,

வீடு பூட்டியிருக்கிறது. எல்லாரும் ஆஸ்பத்திரியில் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அங்கேதான் போகிறேன். வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டால் தெரியட்டும் என்று இந்தச் சீட்டைக் கதவிடுக்கில் செருகுகிறேன்.

பெட்டி நேற்றுக் காலை வந்தது. உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். அதில் ஏரி இல்லை, நாற்காலியிலிருந்து யாரும் விழவில்லை. இந்த முறை நீங்கள் கதை கட்டவில்லை என்று புரிந்தது. உடனே டிக்கெட் எடுத்தேன்.

கிளம்பும் முன் கேமராவை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தேன். உருவம் நன்றாக விழுகிறது. வலது மூலையில் மட்டும் தேய்ப்பு சரியாக ஏறவில்லை. அங்கே வரும்போது கை ஓய்ந்திருக்கும். நூலகத்தை இந்தக் கண்ணாடியை வைத்தேதான் எடுப்பேன். இதை அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் முந்திக்கொண்டு பத்து மடங்காக்கிவிடாதீர்கள்.

எல்லாம் எழுதினீர்கள், எந்த வார்டு என்று எழுதவில்லை. விசாரித்துக்கொள்கிறேன்.

கோபி