மெட்டித் தடம்

1938 நவம்பர் 29, செவ்வாய்

இதையெல்லாம் நான் முன்பே சொல்லிவிட்டேன். புயலுக்கு மூன்று நாள் முன்னாடியே சொன்னேன், கடல் ஒரு ஆளைக் கொண்டுவந்து போடும் என்று. மீமிசல் முழுக்கச் சிரித்தது. இன்று காலை முகத்துவாரச் சேற்றில் ஒரு பிணம் ஒதுங்கிக் கிடக்கிறது. இனி எவன் சிரிப்பான்?

கிராம முன்சீப்பு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு முப்பது கெஜம் தள்ளி நின்றார். கிட்டே போனவன் நான் ஒருவன்தான். பெருமைக்கு எழுதவில்லை, நடந்தது அது. முகம் இல்லை. துணி இல்லை. மீனும் நண்டும் மிச்சம் வைத்ததுதான் இருந்தது. தலைமயிர் நீளம் - ஆண்களுக்கும் குடுமி நீளம்தானே. காதில் துளை - கடுக்கனா, தோடா, யார் கண்டது?

"என்ன சிவசாமி, ஆம்பளையா பொம்பளையா? காயிதத்துல எழுதணும்ல," என்று முன்சீப்பு அங்கிருந்தே கத்தினார்.

அவருக்குப் பின்னால் என் அக்காள் மகள் மூக்காயி நின்றாள். அவள் புருஷன் ராசு மீன்பிடிக்க வள்ளத்தோடு கடலுக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். ராசுவுக்கும் குடுமி. ராசுவுக்கும் கடுக்கன். அவள் தாலியைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள்.

"பொம்பளைதான்," என்றேன். "கால் விரல்ல மெட்டி கிடந்த தடம் அச்சடிச்சாப்புல இருக்கு."

அறந்தாங்கி டாக்டருக்குக்கூட இந்தக் கண் கிடையாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

நவம்பர் 30

நேற்றே புதைத்தாகிவிட்டது. பாயில் சுற்றியது நான். யாரையும் அண்ட விடவில்லை. பொம்பளைப் பிணத்தைச் சேலை, மஞ்சள் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று பெண்கள் பிடிவாதம். மூக்காயி ஓடிப்போய்த் தன் கூறைச் சேலையையே எடுத்து வந்தாள். "யாரு பெத்த புள்ளையோ மாமா, நல்லபடியாப் போகட்டும்" என்றாள்.

ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாளாம். எனக்கும் ஒரு சட்டியில் கொடுத்தனுப்பியிருந்தாள்.

டிசம்பர் 4

வீட்டில் நிற்க இடமில்லை, கதை கேட்க அத்தனை பேர். என் வீட்டுக்கு இத்தனை ஆள் வந்தது என் பெண்டாட்டி செத்த அன்றைக்குத்தான். மெட்டி வெள்ளி, மூன்று சுற்று என்றும் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 11

யாரும் வரவில்லை.

டிசம்பர் 17

வல்லத்திராக்கோட்டையிலிருந்து பிச்சை என்று உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி நடந்தே வந்தார். குதிகால் முழுக்க வெடிப்பு. மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒரு மாதமாம். கடற்கரைப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம்.

"அய்யா, நீங்கதான் கிட்டப் போயிப் பாத்தீகளாம். மெட்டித் தடம் நெசந்தானா?"

"ஏன் கேக்குறீங்க?"

"எம் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

மூக்காயி சோற்றுச் சட்டியோடு வாசலில் நின்றாள். பிச்சையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நெசந்தான்," என்றேன்.

"அப்ப எம் மக இல்ல." என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மூக்காயி போட்ட சோற்றை அழுதுகொண்டே தின்றார். "அங்கிட்டு தொண்டிப் பக்கமும் ஒருநட பாத்துட்டுப் போறேன்" என்று கிளம்பினார். கூப்பிட எழுந்தேன். கூப்பிட்டு என்னத்தச் சொல்ல?

1939 மார்ச் 2

தொண்டியில் பிச்சையைப் பார்த்ததாக மீன் விற்கப் போனவர்கள் சொன்னார்கள். இன்னும் ஊர் திரும்பவில்லை. யாரைப் பார்த்தாலும் மகளின் அடையாளம் சொல்லிக் கேட்கிறாராம்.

நவம்பர் 29

வருஷம் திரும்பிவிட்டது. மூக்காயி இன்றும் பூ வைத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டு வந்தாள். "வந்துருவாரு மாமா, அது பொம்பளைன்னு நீங்கதான் பாத்தீங்கள்ல" என்றாள். ஊரில் என் பேச்சை நம்புகிற ஒரே ஆள் அவள்தான்.

சாயங்காலம் அந்த மண்மேட்டில் விளக்கேற்றினேன். வேறு யாரும் வரவில்லை. ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என்று கூப்பிடுவதா, ஆத்தா என்று கூப்பிடுவதா? ராசுவாக இருந்தால், பெண்டாட்டியின் கூறைச் சேலைக்குள்தான் கிடக்கிறான். பிச்சையின் மகளாக இருந்தால் - அந்த மனுஷன் இந்நேரம் எந்த ஊர் ரோட்டில் நடக்கிறாரோ.

இந்த நோட்டுக்காவது சொல்லி வைக்கிறேன். மெட்டித் தடம் எதையும் நான் பார்க்கவில்லை. அந்தக் கால்களில் விரல்களே இல்லை.