பக்கவாட்டில் பார்க்கச் சொல்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, எனக்குத்தான் கோபம் வடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி. போனில் உன் தங்கச்சி பிள்ளையைப் பற்றி வாயெடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கிறது, துணியை நனைத்து நனைத்து வைக்கிறேன், கொஞ்சம் வற்றினால் அதற்கும் அழுகிறாள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நானும்தான் கூடப் போனேன். பிள்ளை கையை முகத்தில் வைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தது. பக்கவாட்டில் முகம் தெரியவில்லை, கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க, திரும்பப் பார்க்கலாம் என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண். நடந்துவிட்டு வந்தோம். அதற்குள் வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது, அங்கே இருந்த டாக்டர் அவசரமாக வந்து நேர்முகமாக ஒரு படத்தை எடுத்து, கண்ணு மூக்கெல்லாம் லட்சணமாக இருக்கிறது, சந்தோஷமாகப் போங்க என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு வந்தோம்.

நேரே பார்த்தால் தெரியாதாம். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் உதட்டுக்குக் கீழே முகவாய் இல்லாமல் அப்படியே கழுத்துக்கு இறங்குவது தெரியுமாம். இதைப் பிள்ளை போன பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். தாடை வளராததால் நாக்குக்கு இடமில்லாமல் பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிட்டது. முன்னாலேயே தெரிந்திருந்தால் பிரசவத்தை அங்கேயே வைத்து, பிறந்ததுமே குழாய் போட ஆள் தயாராக நின்றிருப்பார்களாம். நாங்கள் போனதோ தெருமுனை நர்சிங்ஹோம். அவர்கள் முதுகைத் தட்டினார்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். காற்றுக்குத் தவித்து அந்தச் சின்ன நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவும் தெரிந்த நீ என்ன செய்தாய்? பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டது என்று உன் பெண்டாட்டியிடம் கதை கட்டினாய். மாசமாக இருக்கிறவள் காதில் தாடைக் குறை விஷயம் விழக்கூடாது என்று என் வாயையும் கட்டினாய். சரி என்று இருந்தேன். போன வாரம் உன் பிள்ளையை ஸ்கேனில் எடுத்த முகப் படத்தை அனுப்பி, அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறது அம்மா என்று குழைந்தாய். குடும்பத்தில் பிள்ளைகளுக்குக் குறை ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டாராமே, நீ என்ன சொன்னாய் என்றேன்.

“ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேம்மா. அவ பக்கத்துல உக்காந்திருந்தா.”

ஒன்றும் இல்லையா? என் மடியில் சில்லிட்டுப் போனது உனக்கு ஒன்றும் இல்லையா? குடும்பத்தில் இன்னொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், ஆனால் கூடப்பிறந்தவர் வீட்டில் பிள்ளை வருகிறது என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லித் தாடையைப் பார்க்கச் சொல்லுங்க என்று அந்த டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அதை உனக்கும் சொன்னேன். நீ அழகான படத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறாய்.

அவள் பயந்துவிடுவாள் என்கிறாய். பயப்படட்டும். என் மகள் பயப்படாமல்தான் போனாள், தலை சீவிக்கொண்டு சிரித்துக்கொண்டு போனாள்.

உன் மேல் உள்ள கோபம் ஆற எனக்கு நாளாகும். ஆனாலும் நீ நன்றாக இரு, உன் வீடு நிறையட்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அவளைக் கனமாக எதையும் தூக்க விடாதே. இந்தக் கடிதத்தின் உறையில் உன் பெயரை எழுதவில்லை, மருமகள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் படித்த பிறகுதான் இது உன் கைக்கு வரும்.

அம்மாடி, இதுவரை படித்துவிட்டாயா? உனக்கு ஒன்றும் ஆகாது. முகத்தைக் கழுவிக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல். பிள்ளை திரும்பிப் படுத்திருந்தால் காத்திரு, இன்னொரு நாள் வரச் சொன்னால் இன்னொரு நாள் போ. பக்கவாட்டில் பார்க்காமல் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்காதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா